சிட்டுக்கு ஒரு கிளை, வௌவாலுக்கு ஒரு கிளை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
7 பெப்ரவரி 1926

தம்பி ரபேலுக்கு,

லெஸ்லி ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிவிட்டான். பத்திரிகையில் பேர் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுத் தாளை இரவல் வாங்கி, பேர் இருந்த மூலையைக் கத்தரித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இருக்கட்டும். கிரிகரியைச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பழக எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார ஃபோர்மன் இரண்டே வாரத்தில் அவன் பேரைத் தப்பில்லாமல் கூப்பிடுகிறாராம். சின்னவள் சூசன் கான்வென்ட்டில் சித்திரத்துக்கு முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். என் மகனுடைய இந்த மூன்று பிள்ளைகளும் உனக்கும் பேரப்பிள்ளைகள் முறைதான். இவர்கள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

ஆறு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. போன வாரம் உன் தோட்டக்காரன் கன்னையா கையில் ஒரு தாள் வந்தது. காப்பார் ரோட்டுத் தோட்டத்து டுரியான் பழமரங்களையெல்லாம் வெட்டிவிட்டு ரப்பர் நடுவதற்கு எனக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கிறது. அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாய், குருடிக்கு வழி காட்டுவதுபோல. தோட்டம் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் போட மாட்டேன்.

கன்னையாவுக்குச் சோறு போட்டு விசாரித்தேன்.

"மரம் பூக்குதும்மா, கொள்ளையா பூக்குது. காய்தான் நிக்க மாட்டேங்குது. எங்க கிராணி ஐயா மலட்டு மரம்னு சொல்லிட்டாரு" என்றான்.

"பூக்கிற நேரத்துல உங்க ஐயா என்ன பண்ணுவாரு?"

"சாயங்காலக் கோயில் மணி அடிச்சதும் மரத்துக்கு மரம் தேங்கா மட்டையில புகை போடுவோம். தகர டின்னைத் தட்டுவோம். ஒரு வௌவால் கிட்ட வராது லா."

"எப்போலேர்ந்து?"

"சின்னம்மா தவறுனதுலேர்ந்து."

ரபேல், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கழித்தல் கணக்கில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆள் இருந்ததில்லை. முன்பு அந்தத் தோட்டத்துக்குத் தேன்சிட்டும் வந்தது, வௌவாலும் வந்தது, பழம் வண்டி வண்டியாகப் போனது. நீ வௌவாலைக் கழித்தாய். பழம் போய்விட்டது. சிட்டு மட்டும் இன்றும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. இதற்குமேல் என்ன விடை வேண்டும்? ஒரு பூப்பருவம் புகை போடாமல் இருந்து பார்.

அக்காள் மகதலேனா


காப்பார் ரோடு, கிள்ளான்
11 பெப்ரவரி 1926

அக்காவுக்கு,

பிள்ளைகள் முன்னேறியது சந்தோஷம். தாள் மட்டும் கையெழுத்தில்லாமல் அங்கேயே இருப்பது சந்தோஷம் இல்லை.

நீங்கள் கோலாலம்பூரில் ரயில் சத்தம் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள். நான் இந்த மரங்களின் அடியில் நிற்கிறேன். முப்பது வருஷம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். எந்த மரம் பால் தரும், எது தராது என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டாம்.

காலையில் வந்து பாருங்கள். தேன்சிட்டு, மலாய்க்காரர்கள் கெலிச்சாப் என்பார்களே, கட்டைவிரல் பெரிசுகூட இல்லாதது, வெயில் ஏறும் முன்னே வந்துவிடும். ஆணின் தொண்டையில் மினுமினுப்பு. கிளையில் தொத்திக்கொண்டு ஒவ்வொரு பூவாக மூக்கை விட்டுத் தேன் குடித்துவிட்டுப் பாடும். பூவுக்கும் காய்க்கும் நடுவில் ஆண்டவர் வைத்த வேலைக்காரன் அதுதான். வௌவால் என்ன செய்கிறது? இருட்டில் வருகிறது, தலைகீழாகத் தொங்குகிறது, நாய் முகம். புகை போடத் தொடங்குவதற்கு முன்னே ஒரு நாள் விடிந்து பார்த்தேன், மரத்தடி முழுக்கப் பூ உதிர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. எல்லாம் அந்தச் சனியன் பிய்த்துப் போட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் புகை. அப்படியும் காய்க்கவில்லை என்றால் மரம் மலடு.

நான் இங்கே தனி ஆள். டுரியான் மரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ரப்பர் என்றால் காலையில் பால், மாலையில் ஓய்வு. ஈஸ்டர் கழிந்ததும் தம்புசாமி ஆட்களோடு கோடாலி கொண்டு வருகிறான். மரம் வெட்டுகிற வேலையில் அவனைப்போல் இங்கே ஆள் இல்லை.

ஐந்தாம் வகுப்புக் கழித்தலை வைத்து என் ஆறு வருஷத்தைக் கழிக்காதீர்கள். வௌவாலுக்கு வக்காலத்து வாங்க உங்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்
14 பெப்ரவரி 1926

தம்பிக்கு,

கடைசி வரியில் ஊசி குத்தியிருக்கிறாய். குத்தட்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

நீ சொல்வதும் கண்ணால் பார்த்தது, நான் சொல்வதும் கணக்கு. இரண்டு பேரில் ஒருவர் தப்பு. மரத்தையே கேட்டுவிடுவோம்.

வீட்டுக்குப் பக்கத்து மரத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், அருகருகே இரண்டு கிளை பார். மொட்டு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று சிட்டுக் கிளை, ஒன்று வௌவால் கிளை. போர்ட் சுவெட்டன்ஹாமில் மீன்காரர்களிடம் ஒரு பழைய வலை வாங்கு. சாயங்காலக் கோயில் மணி அடித்ததும் சிட்டுக் கிளையை வலையால் மூடிவிடு, விடியற்கால மணிக்குத் திற. அந்தக் கிளைக்குப் பகலில் வருகிறவர்கள் மட்டும்தான் விருந்தாளி. வௌவால் கிளைக்கு இதைத் தலைகீழாகச் செய். விடிந்ததும் மூடு, சாயங்காலம் திற. ஒரே வலை போதும், மணிக்கு மணி கிளை மாற்றிப் போட வேண்டியதுதான். கோயில் மணி அடிக்கும்போது நீ எப்படியும் எழுந்து நின்று செபம் சொல்கிறவன்தானே, அதோடு இதையும் செய்.

பூ முடிகிறவரை தோட்டத்தில் எங்கும் புகை கூடாது. ஈஸ்டருக்குள் பிஞ்சு பிடித்துவிடும். சிட்டுக் கிளையில் பிஞ்சு நிறைந்தால் நானே தாளில் கையெழுத்துப் போட்டு, ரயிலில் ஆள் கொடுத்து அனுப்புகிறேன். வௌவால் கிளையில் நிறைந்தால் தம்புசாமி கோடாலியைத் திருப்பிக் கொண்டு போகட்டும்.

சம்மதம் இல்லை என்றால் தாள் இங்கேயே கிடக்கும். நான் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறேன் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

மகதலேனா


காப்பார் ரோடு
23 பெப்ரவரி 1926

அக்காவுக்கு,

சம்மதம். நீங்கள் ஜெயிப்பீர்கள் என்பதற்காக இல்லை, வேறு வழியில் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள் என்பதற்காக.

கொசுவலை மாதிரி நெருக்கமான துணி வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். தேனீயும் பூவுக்கு வருகிறது. மீன்வலையில் தேனீ நுழையும், சிட்டும் வௌவாலும் நுழையாது. அப்போது இரண்டு கிளைக்கும் தேனீ பொதுவாகிவிடும். பிறகு அது செய்தது, இது செய்தது என்று நீங்கள் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள். இதை நீங்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

நேற்று முதல் பூ விரிந்தது. கன்னையா ஏணியில் ஏறி வலையைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்தான்.

"ஐயா, மரத்துக்கு வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி முக்காடு போட்டுட்டோம்."

"வாயை மூடிக்கிட்டு முடிச்சைப் பாரு."

"யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?"

"கோலாலம்பூர்ல எனக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு சொல்லு. புரிஞ்சுக்குவாங்க."

புகை போடவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மணி அடித்தபிறகு என் கைக்கு வேலை இல்லை. வீட்டுக்குள் வந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டேன்.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்
5 மார்ச் 1926

தம்பிக்கு,

தேனீ சங்கதி நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன், இரண்டாம் தடவை சொல்லச் சொல்லாதே.

இங்கே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பழைய டுரியான் மரம் பூத்திருக்கிறது. நாற்காலியை எடுத்துப்போட்டு நானும் சூசனும் உட்கார்ந்தோம். பூ மத்தியானத்துக்குமேல்தான் விரிய ஆரம்பிக்கிறது, அதைக் கவனித்தாயா? காலையில் பாட வருகிற உன் சிட்டுக்கு விரிகிற பூ ஏன் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறது? வாசனையும் அப்போதுதான் ஏறுகிறது, புளித்த பால் மாதிரி. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வௌவால்கள் வந்தன. பெரிய பழந்தின்னி இல்லை, சின்னச் சாதி, நீண்ட மூஞ்சி. ஒரு பூங்கொத்தில் கண் மூடித் திறக்கிற நேரம்தான் தொங்குகிறது. முகத்தைப் பூவுக்குள் அழுத்துகிறது, அடுத்த கொத்துக்குப் போய்விடுகிறது. எதையும் பிய்க்கவில்லை.

"பாட்டி, இது பறவையா?" என்று சூசன் கேட்டாள்.

லெஸ்லி புத்தகம் படித்தவன் இல்லையா, உடனே சொன்னான்: "பறவை இல்ல. இது குட்டி போட்டுப் பால் குடுக்குற சாதி. தேன்சிட்டு முட்டை போடுற சாதி. ரெண்டுக்கும் ரெக்கையைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஒரே பூவுல குடிக்குதே, அது சம்பந்தம் இல்லயா?" என்றாள் சூசன். சித்திரப் பரிசு சும்மா கொடுக்கவில்லை.

இன்னொன்று. அந்த மரத்தடியிலும் விடிந்ததும் பூ உதிர்ந்துதான் கிடக்கிறது. உன் வலை மூடிய சிட்டுக் கிளைக்கு அடியில் காலையில் குனிந்து பார். வௌவால் தொடாத கிளைக்குக் கீழேயும் பூ கிடக்கிறதா என்று எழுது. உண்மையை எழுது.

மகதலேனா


காப்பார் ரோடு
13 மார்ச் 1926

அக்காவுக்கு,

கிடக்கிறது. வலைக்குள்ளேயே உதிர்ந்து வலையில் தங்கியிருக்கிறது. இதழும் மகரந்தக் காம்பும். வௌவால் தொடாமலே.

கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் இந்த விளையாட்டை நிறுத்தப்போகிறேன்.

நேற்று மார்ச் 12, ரோசலின் என்னைத் தனியாக விட்டுப் போன நாள். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் ரோசலினுக்குப் பூசை கொடுத்துவிட்டு வந்தேன். மணி அடித்தபோது கன்னையா ஏணியைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து முற்றத்தின்மேல் அது பறந்தது. வீட்டுப் பக்கம் வந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மட்டையைக் குவித்து நெருப்பு வைத்தேன். மரம் மரமாகப் புகை போட்டேன். கன்னையா, "ஐயா, வாக்குக் குடுத்தீங்களே" என்றான். டின்னை அவன் கையிலிருந்து பிடுங்கி நானே தட்டினேன். கண் எரிகிறவரை தட்டினேன்.

உங்கள் கணக்கில் தப்பு இல்லாமல் இருக்கலாம். பழத்துக்காக அதை என் வீட்டைச் சுற்றி வரவிட முடியாது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அது அவள் கட்டிலுக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது அக்கா. அவள் போய்விட்டிருந்தாள். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

தாளில் கையெழுத்துப் போடுங்கள். மரம் இல்லாவிட்டால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் அது வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ரப்பரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்
15 மார்ச் 1926

ரபேல்,

கல்லறையில் எல்லார் முன்னாலும், "சாவைக் கூப்பிட்டு உள்ளே விட்டவள், இனி என் வாசலை மிதிக்காதே" என்று சொன்னாய். மிதிக்கவில்லை. அன்றைக்கு நீ என்னைப் பேசவிடவில்லை, பிறகு கேட்கவும் இல்லை. இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

நீ கோயில் சாமியாரை அழைத்துவர வண்டியில் போயிருந்தாய். மணி அடித்து ஓய்ந்திருந்தது. ரோசலினுக்கு அன்று முழுவதும் மூச்சு முட்டல், உனக்கே தெரியும். திடீரென்று முகம் தெளிந்தது.

"அக்கா, பூ வாசனை வருது. அந்த ஜன்னலைத் தொறங்க" என்றாள்.

திறந்தேன். காற்றும் வந்தது, கூடவே அந்த வௌவாலும் வந்தது. விளக்கைச் சுற்றியது. நான் துடைப்பத்தைத் தூக்கினேன்.

"அடிக்காதீங்க அக்கா. பாவம், வழி தவறிருச்சு. உங்க தம்பி மாதிரி, எஸ்டேட் கணக்கு முடிச்சுட்டு வந்து எந்தக் கதவுன்னு தெரியாம முட்டுது பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாய்விட்டு, பல் தெரிய, பழைய ரோசலின் சிரிப்பு. சிரித்ததில் வந்த இருமல் அடங்கியதும், "நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லிராதீங்க, கோச்சுக்குவாரு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். உன் வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் கையின் குளிர்ச்சி எனக்கு உறைத்தது.

அவளைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளி. அந்தப் பிராணி வந்தது பூவுக்கு. உன் வீட்டில் அது செய்த ஒரே காரியம், சாகப்போகிற பெண்ணை ஒரு தடவை சிரிக்க வைத்ததுதான்.

சோதனையில் ஜெயிப்பதற்காக இதை எழுதவில்லை. அவளுடைய கடைசிச் சிரிப்பு உனக்குச் சேர வேண்டியது. ஆறு வருஷமாக அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், நீ வாங்கிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு நாள் புகையில் ஒன்றும் கெட்டுப்போகாது, மொட்டு இன்னும் இருக்கும். நாளைக்கு மணி அடித்ததும் ஏணியை எடுக்கச் சொல்.

மகதலேனா


காப்பார் ரோடு
27 மார்ச் 1926

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

வலை தினமும் மாறுகிறது. புகை இல்லை.

போன செவ்வாய்க்கிழமை விடியற்கால மணிக்கு வலையைக் கழற்றப் போனோம். சிட்டுக் கிளைக்கு வெளியே, வலையில் கால் சிக்கி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போக முயன்றிருக்கிறது. கன்னையா ஏணியிலிருந்து இறங்கிவிட்டான்.

"ஐயா, பாம்புன்னா புடிச்சுருவேன். இது என்னால ஆகாது."

"அப்ப யாரு எடுக்கிறது?"

"நீங்கதான் ரெண்டு பேரும் பழைய விரோதி. பேசித் தீர்த்துக்குங்க."

நான் ஏறினேன். இந்த வயதில் ஏணியில். ஒரு துணியால் பிடித்துக்கொண்டு, கத்தரியால் வலைக் கண்ணியை ஒவ்வொன்றாக வெட்டினேன். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. சூடாக இருந்தது, அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் விரலில் தெரிந்தது. முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மூக்கு, கன்னம், மார்பு எல்லாம் மஞ்சள். மாவு அப்பியதுபோல் பூந்தூள். மற்றப் பூக்களிலிருந்து வாரிக்கொண்டு வந்திருக்கிறது. நான் பார்க்கும்போதே தும்மியது. என் சட்டைமேல் மஞ்சள் தெறித்தது. கண்ணியை வெட்டி முடித்ததும் கையை விரித்தேன். கடிக்கவில்லை. போய்விட்டது.

அதே இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திறந்துவிட்ட கிளைக்குச் சிட்டு வந்தது. இத்தனை வருஷம் கீழேயிருந்து பார்த்தவன், அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்க்கிறேன். அது வரும்போது பூ முக்கால்வாசி உதிர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்த பூவிலும் முன்பக்கமாகப் போகவில்லை. பக்கவாட்டில் மூக்கை நுழைத்து, தேனை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் மார்பில் மஞ்சள் இல்லை, மினுமினுப்புதான் இருந்தது. ஆனாலும் பாடியது அக்கா. அப்படிப் பாடியது.

வலையின் கண்ணி இனி யாரையும் சிக்க வைக்காதபடி ஒரு சாக்குத் துணியைச் சேர்த்துத் தைத்துவிட்டோம். பூவும் முடிகிற நேரம்தான்.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்
1 ஏப்ரல் 1926, பெரிய வியாழன்

தம்பிக்கு,

நீ ஏணியில் ஏறியதைப் படித்ததும் முதலில் உன்னைத் திட்டினேன், பிறகு மறுபடி படித்தேன்.

மஞ்சள் மூக்கைப் பார்த்துவிட்டோம் என்று இப்போதே தோற்றுவிடாதே. நான் கேட்டது மூக்கு இல்லை, பிஞ்சு. ஈஸ்டருக்குப் பிறகு வலையை முழுக்க எடுத்துவிட்டு இரண்டு கிளையையும் பார். தம்புசாமி வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார். நீ என் தம்பி என்பதால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டாய் என்று யாரும் பேசக் கூடாது. சிட்டுக் கிளை காய்த்திருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுது. நான் சொன்ன சொல்லில் நிற்பேன்.

மகதலேனா


காப்பார் ரோடு
14 ஏப்ரல் 1926

அக்காவுக்கு,

நேற்று தம்புசாமி வந்தான். இரண்டு ஆள், நான்கு கோடாலி, ஒரு நீண்ட ரம்பம்.

"என்ன கிராணி ஐயா, மரத்துக்குச் சாக்குச் சட்டை போட்டு வச்சிருந்தீங்கன்னு கிள்ளான் பாசார்ல பேசிக்கிறாங்க. வெட்டுற மரத்துக்கு என்னத்துக்கு அலங்காரம்?" என்றான்.

"மேல பாரு. எதுல பிஞ்சு இருக்கு, எதுல இல்ல, நீயே சொல்லு."

நிமிர்ந்து பார்த்தான். கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினான்.

சிட்டுக் கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று பிஞ்சு. தேனீயின் புண்ணியமாக இருக்கலாம். வௌவால் கிளையில் கொத்துக் கொத்தாக முள் முளைத்து, எலுமிச்சைப் பருமனில், கிளை தெரியாமல் தொங்குகிறது. வலை போடாத மற்ற மரங்களையும் சுற்றி வந்தோம். எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆறு வருஷமாக நான் மலடு என்று சொன்ன மரங்கள்.

"வௌவாலு இத்தனை வேலை பாத்துச்சுன்னா, தெனம் வந்து பாடுதே அந்தச் சிட்டு, அது என்னதான் பண்ணுது?" என்று தம்புசாமி கேட்டான்.

"கோயில்ல பாடுறவரு வேற, கோயிலைக் கட்டுனவரு வேற. ரெண்டு பேரும் உள்ள வரலாம்" என்றேன்.

"அப்ப எங்க கோடாலி?"

"பழம் விழுறப்ப வா. ஒரு கூடை எடுத்துக்கிட்டுப் போ."

போய்விட்டான். வண்டி கேட்டைத் தாண்டுகிறவரை நான் மரத்தில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்தத் தாளை அடுப்பில் போடுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் மணி அடித்தது. செபம் சொன்னேன். அவள் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது, கன்னையாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பூ முடிந்துவிட்டது, அதனால் ஒன்றும் வரவில்லை. திறந்தே வைத்திருக்கிறேன்.

கல்லறையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினால் போதுமா, நேரில் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. வாசல் இருக்கிறது. நீங்கள் வர வேண்டும்.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்
18 ஏப்ரல் 1926

தம்பி ரபேலுக்கு,

கடிதத்தை லெஸ்லியை வாசிக்கச் சொல்லி எல்லாரும் கேட்டோம். கோயிலைக் கட்டினவர் என்ற இடத்தில் கிரிகரி, "நம்ம சின்னத் தாத்தா நல்லாத்தான் பேசுறாரு" என்றான். இத்தனை நாளும் நீ பேச மாட்டாய் என்று நினைத்திருந்தானாம். ஜன்னல் வந்த இடத்தில் லெஸ்லி நிறுத்திவிட்டான். மிச்சத்தை நான் அடுப்படியில் தனியாக வாசித்துக்கொண்டேன்.

எழுதினாலே போதும். ஆனால் நேரிலும் சொல். நான் விடுவதாக இல்லை.

பழம் விழத் தொடங்கும்போது வருகிறோம், ஜூன் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு புறப்படுகிற ரயிலில். நான், மூன்று பிள்ளைகள், ஒரு பெரிய பாத்திரம். நடுவில் சின்னப் பிஞ்சுகள் கொஞ்சம் உதிரும், அதைப் பார்த்துப் பயந்து மரத்தைத் திட்டாதே. தாங்குகிற அளவுக்கு மேலே இருப்பதை மரம் தானே இறக்கிவைக்கும். கனம் கூடிய கிளைகளுக்குக் கன்னையாவை வைத்து முட்டுக் கொடு. அடுத்த வருஷம் வலை வேண்டாம், டின் வேண்டாம், மட்டையை அடுப்புக்கு வைத்துக்கொள். சூசன் இரண்டு கிளையையும் அங்கே உட்கார்ந்து வரையப் போகிறாளாம். சிட்டுக்கு நீலம், வௌவாலுக்கு எந்த வர்ணம் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கையில் பிடித்தவன் நீ ஒருவன்தானே.

ரோசலின் கல்லறைக்கும் போக வேண்டும். நீயும் நானுமாக.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் இருப்பது உன் கல்யாணப் படம் மட்டும்தான். அதில் உனக்கு மீசை காது வரைக்கும் இருக்கிறது, வயிறு இல்லை. பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனில் உன்னைத் தேடினால் அடுத்த ரயில் வந்துவிடும். நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று சூசன் கேட்டாள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் இந்த வாரமே, சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கிள்ளானில் போட்டோ எடுக்கிறவர் கடைக்குப் போ. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நில். ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பிவிடு.

அக்கா மகதலேனா